மாரிக் குளிரிற் கால்நடைப் பாதுகாப்பு



2022ஆம் ஆண்டு டிசெம்பரில், மாண்டஸ் புயலையொட்டி வீசிய குளிர்காற்றினால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. மழையில் நனைந்த உடலிற் படும் காற்று உடற்சூட்டை விரைவிற் பறித்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

மாரிக்கு முன்னரே கொட்டிலை வேய்ந்து, வாடைக்காற்று வரும் பக்கத்தைக் கிடுகினால் அடையுங்கள். ஈரமும் நெடியும் வெளியேறக் கூரையடியில் இடைவெளி விடுங்கள். தரையை உயர்த்தி, உலர்ந்த வைக்கோலைப் பரப்புங்கள். நனைந்த கன்றையும் குட்டியையும் சாக்கினால் துடைத்து உலர்த்துங்கள். வயிறு நிறைய வைக்கோல் கொடுங்கள். அது செரிக்கையில் உடற்சூடு உண்டாகும்.

முற்றத்திலே தொங்கும் கிளிக்கூட்டையும் காற்றுப்படாத இடத்துக்கு மாற்றி, இரவில் மூன்று பக்கமும் சாக்கினால் மூடுங்கள்.

நடுங்கியோ எழமாட்டாமலோ கிடக்கும் கால்நடையைக் கண்டால், விடியுமட்டும் காத்திராது மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.