கல்விக்கும் ஒரு பொங்கல்

(வற்றாப்பளையில் நாம் ஆற்றிய உரை)



1850இல் தோன்றிய யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரி கத்தோலிக்கருடையது; ஆயினும் சைவ மாணவரும் அங்கே ஒரே வகுப்பில் அமர்ந்து கற்றனர். 1960இன் சட்டத்தினால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றன. அக்கல்லூரியோ கட்டணம் அறவிடாத தனியார் கல்லூரியாக நின்றது. எதனால் நிலைத்தது? பெற்றோரும் பழைய மாணவரும் மனமுவந்து அளித்த பொருளினாலன்றோ!

வைகாசிப் பொங்கலுக்கு யார் கட்டளையிட்டு நாம் அரிசி அளக்கிறோம்? கண்ணகை அம்மன் நம்முடையவள் என்ற எண்ணமே அளக்கச் செய்கிறது. அவ்வெண்ணம் கல்விக்கும் வேண்டும். வெளியூரில் தங்கிக் கற்கும் வன்னிப் பிள்ளைக்குத் திறமை மட்டும் போதாது. உணவும் உறையுளும் வேண்டும். கமக்காரர் அறுவடைதோறும் ஒரு மூடை நெல்லையும், உத்தியோகத்தர் மாதந்தோறும் ஒருநாட் சம்பளத்தையும் அதற்கென ஒதுக்குவோமாக. அரசு தரும்வரை நாம் காத்திருக்கலாம். பிள்ளையின் பருவம் காத்திராது!