மாற்றுறுப்பும் பொறை என்னும் சொல்லும்



மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரிடம், "உங்கள் உடல் அதனை ஏற்றுக்கொண்டது" என்று கூறுகிறோம். 'ஏற்றுக்கொண்டது' என்பது இறந்தகால முற்று. செயல் முடிந்ததென உணர்த்துவது. கேட்பவர், 'இனி மருந்து எதற்கு?' என எண்ணக்கூடும். மருந்தைத் தாமாக நிறுத்தினால், உடல் அவ்வுறுப்பைத் தாக்கிச் சிதைக்கலாம். ஆகவே, இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உயிரைத் தொடும் சிக்கல்.

நம் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு, தன்னது எது, பிறிது எது எனப் பிரித்தறிகிறது. 1954 டிசம்பர் 23 அன்று, பாஸ்டன் நகரில் ஜோசப் மரே குழுவினர், ஒரே கருவினின்று பிறந்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தினர். உடல் அதனைப் பிறிதெனக் காணவில்லை, உறுப்பு நிலைத்தது. ஏனையோர்க்கோ எதிர்ப்பாற்றலை மருந்தால் தணிக்க வேண்டும். அது 'ஒடுக்கம்'. அதனால் உறுப்பு காக்கப்படுகிறது. தொற்றுநோய்களுக்கும் வாயில் திறக்கிறது.

இதனின் வேறான நிலையொன்று உண்டு. 1953-இல் பில்லிங்காம், பிரெண்ட், மெடாவர் ஆகிய மூவரும், பிறவாத எலிக்குஞ்சுகளில் வேறோர் இன எலியின் உயிரணுக்களைச் செலுத்திய ஆய்வை வெளியிட்டனர். வளர்ந்தபின் அவற்றுட் சில, அவ்வினத்தின் தோலை ஏற்றன. பிற இனத் தோலை ஒதுக்கின. குறித்த ஒன்றைத் தாக்காதிருத்தல், ஏனையவற்றை எதிர்த்தல்: இதுவே அந்நிலையின் இலக்கணம்.

இதனைச் 'சகிப்புத்தன்மை' என்கின்றனர். உலக வழக்கில் அச்சொல், துன்புற்றும் வாய்மூடியிருத்தலைக் குறிப்பதால், ஒடுக்கத்தோடு மயங்குகிறது. நாம் 'பொறை' என்னும் சொல்லை முன்வைக்கிறோம். எதிர்க்கும் வலியிருந்தும் அடங்கியிருத்தலே பொறை. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். 1995-இல் சகாகுச்சி இனங்கண்ட ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள், தாக்கவல்ல பிற அணுக்களை அடக்கி வைப்பன. 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, இத்துறை ஆய்வுக்காக அவர்க்கும் வேறிருவர்க்கும் வழங்கப்பட்டது. தைமஸ் சுரப்பியிலேயே அழிக்கப்படும் அணுக்களுக்கு இச்சொல் முற்றும் பொருந்தாது. எனினும், ஒடுக்கத்தினின்று வேறுபடுத்த இது போதும்.

பொறை மனிதர்க்கும் கைகூடுமா? சிறுநீரகத்தோடு கொடையாளரின் எலும்பு மஜ்ஜையும் பெற்ற ஐவருள் நால்வர், எதிர்ப்படக்கும் மருந்தை முற்றும் விட முடிந்ததென 2008-இல் பாஸ்டன் மருத்துவர்கள் அறிவித்தனர். அது மருத்துவர் கண்காணிப்பில், படிப்படியாக நிகழ்ந்தது. பெரும்பாலோர்க்கு இன்றும் மருந்தே காவல்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே! ஒடுக்கத்தையும் பொறையையும் வேறுவேறாகக் கற்பிப்போம், கற்போம். நோயாளியிடமும், "மருந்து உட்கொள்ளும்வரை உடல் ஏற்றுவருகிறது" என்றே சொல்வோம். வினைமுற்றை மாற்றினால் பொருள் தெளியும். பொருள் தெளிந்தால் உறுப்பும் பிழைக்கும்.