ஆர்.என்.ஏ. விசையும் அதன் திறவுகோலும்

உயிரணு ஒன்றில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருப்பினும், அவை அனைத்தும் எந்நேரமும் செயற்படுவதில்லை. தேவையான மரபணு, தேவையான பொழுது மட்டுமே இயங்குகிறது. இந்தச் சிக்கனம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1961ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஃபிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் முதன்முதலாக விளக்கினர். பாக்டீரியாவில் மரபணுவை அடக்கி வைக்கும் பொருள் ஒரு புரதமே என்பது 1966இல் உறுதியாயிற்று. அதன் பின்னர் நீண்ட காலம், கட்டுப்படுத்தும் பணி பெரும்பாலும் புரதங்களுக்கே உரியது என்றும், செய்தி ஆர்.என்.ஏ. கட்டளையைச் சுமந்து செல்லும் தூதுவன் மட்டுமே என்றும் கருதப்பட்டு வந்தது.

இக்கருத்து 2002இல் மாறியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு பிரேக்கர் குழுவினரும், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எவ்கெனி நுட்லர் குழுவினரும் பாக்டீரியாக்களில் இயற்கையான ஆர்.என்.ஏ. விசைகளைக் கண்டறிந்தனர். பி1 போன்ற வைட்டமின் உயிரணுவில் போதிய அளவு சேர்ந்தவுடன், அது செய்தி ஆர்.என்.ஏ.வின் முற்பகுதியில் நேரடியாகப் பொருந்துகிறது. உடனே அப்பகுதியின் மடிப்பு மாறி, மேற்கொண்டு புரத உற்பத்தி நின்றுவிடுகிறது. இடையில் புரதம் எதுவும் தேவைப்படுவதில்லை.

செயற்கை விசையின் தோற்றம்

இத்தகைய விசையை மனிதன் உருவாக்குவதற்கான கருவி அதற்கு முன்பே கிடைத்திருந்தது. பல லட்சம் கோடி ஆர்.என்.ஏ. வரிசைகளைச் சோதனைக் குழாயில் கலந்து, குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் சிலவற்றை மட்டும் மீண்டும் மீண்டும் சலித்தெடுக்கும் முறை 1990இல் அறிமுகமாயிற்று. அவ்வாறு கிடைக்கும் துண்டுகள் 'ஆப்டமர்' எனப்படுகின்றன. ஆஸ்துமா மருந்தான தியோஃபிலினைப் பற்றும் ஆப்டமர் 1994இல் வெளியிடப்பட்டது. காப்பியிலுள்ள காஃபீனுக்கும் தியோஃபிலினுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான். ஆயினும் இந்த ஆப்டமர், காஃபீனைக் காட்டிலும் தியோஃபிலினைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றுகிறது. இதனை மரபணுவின் முற்பகுதியில் இணைத்து, தியோஃபிலின் சேர்த்தால் இயங்கும் விசைகள் பின்னர் பாக்டீரியாக்களில் அமைக்கப்பட்டன.

மரபணு சிகிச்சையில் இதன் பயன் பெரிது. உடலில் செலுத்தப்பட்ட மரபணுவைத் திரும்ப எடுப்பது அரிது. அது அளவுக்கு மீறிச் செயற்பட்டால் கட்டுப்படுத்த வழி வேண்டும். புரதத்தால் இயங்கும் விசைகள் 1992 முதல் ஆய்வுக்கூடங்களில் உள்ளன. ஆனால் அந்த அயற்புரதத்தை உடலின் எதிர்ப்பு மண்டலம் தாக்கக்கூடும். ஆர்.என்.ஏ. விசைக்கு அயற்புரதம் தேவையில்லை. அது அளவிலும் சிறியது.

திறவுகோலின் தேர்வு

எனினும் விசையின் மதிப்பு, அதனை இயக்கும் சிறு மூலக்கூறைப் பொறுத்தே அமையும். பாக்டீரியா ஆய்வுகள் பலவற்றில் லிட்டருக்கு 180 முதல் 360 மில்லிகிராம் வரை தியோஃபிலின் பயன்படுத்தப்பட்டது. நோயாளியின் இரத்தத்திலோ மருத்துவர்கள் வழக்கமாக நாடும் அளவு லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம். அதற்கு மேற்பட்டால் நச்சு விளைவுகள் தோன்றும். ஆய்வுக்கூடத்தில் வெற்றி கண்ட திறவுகோல் மனித உடலுக்குப் பொருந்தாமற் போகலாம் என்பதற்கு இதுவே சான்று.

ஹூஸ்டனிலுள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், டெட்ராசைக்ளினால் இயங்கும் ஆர்.என்.ஏ. விசை எலிகளில் செயற்படுவதை 2024இல் வெளியான ஆய்வில் காட்டினர். இது பழகிய, மலிவான மருந்து. ஆனால் அது ஒரு நுண்ணுயிர்க்கொல்லி. ஆண்டுக்கணக்கில் உட்கொண்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக இடமுண்டு. வேறொரு தொற்றுக்காக அதே மருந்தை உட்கொள்ளும் நோயாளிக்கு, விசை வேண்டாத நேரத்தில் இயங்கவும் கூடும். புதிதாகப் படைக்கப்படும் மூலக்கூறில் இக்குறைகள் இல்லாதிருக்கலாம். ஆனால் அது காப்புரிமைக்கு உட்பட்டதாயின், ஒருமுறைச் சிகிச்சை வாழ்நாள் முழுவதும் மாத்திரை வாங்கும் கட்டாயமாக மாறிவிடும். சிகிச்சையின் செலவைக் கணக்கிடுவோர் இந்தத் தொடர் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மாத்திரை கிடைக்காத நாளில் என்ன நேரும் என்பது மற்றொரு கேள்வி. இரத்த உறைவுக் காரணியைத் தரும் மரபணு, மாத்திரை இருந்தால்தான் இயங்கும் என அமைத்தால், விநியோகம் தடைப்படும் நாளில் இரத்தக்கசிவு அபாயம் ஏற்படும். அங்கு, மாத்திரை தந்தால் நிற்கும் விசையே பொருத்தமானது. அளவு மீறினால் ஆபத்தான ஹார்மோனுக்கோ, மாத்திரை தந்தால் மட்டும் இயங்கும் விசையே பாதுகாப்பானது. ஊரகச் சுகாதார நிலையங்களுக்கு மருந்து தவறாமல் சென்று சேருமா என்பதும் இவ்வாறு மூலக்கூறு வடிவமைப்பின் ஓர் அங்கமாகிறது.

இந்தியாவுக்கு இக்கேள்விகள் தொலைவில் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு அளிக்கப்பட்ட மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 'பயோ இ3' கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. விசையைக் கட்டும் திறமையோடு, அதன் திறவுகோல் நஞ்சற்றதா, எளிய விலையில் கிடைக்குமா, கிடைக்காத நாளில் தீங்கு விளையாதா என்னும் மூன்று கேள்விகளும் திட்டம் வகுக்கும் தொடக்க நிலையிலேயே எழுப்பப்படுமாயின், இந்த விஞ்ஞானத்தின் பயன் சாமானிய நோயாளியையும் சென்றடையும்.