வேலை தேடுவோரும் தன்னம்பிக்கையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்றால் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. ஆண்டறிக்கை வாசித்த செயலாளர் அவர்கள் அப்பணியைச் செம்மையாக நிறைவேற்றிவிட்டார்கள். இரவுப் பள்ளியின் கதையையும், நூலகத்தின் வளர்ச்சியையும், நம் தெருக்களில் பட்டதாரிகள் பெருகிய கணக்கையும் கேட்டு நாம் அனைவரும் மகிழ்ந்தோம். எனக்கு அளிக்கப்பட்ட பொருளோ அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்திற்கு அப்பால் இருப்பது. பட்டம் பெற்றார்கள், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தார்கள், மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தார்கள், தேர்வுகள் எழுதினார்கள், நேர்முகத்திற்குச் சென்று திரும்பினார்கள், இப்போது விண்ணப்பம் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். அத்தகைய நம் பிள்ளைகளைப் பற்றியே நான் பேச வந்திருக்கிறேன். அவர்களில் பலர் இந்த மண்டபத்தில் இல்லை. நண்பர்களைக் காணக் கூசுவதும், "இப்போது என்ன செய்கிறாய்?" என்ற கேள்விக்கு அஞ்சிக் கூட்டங்களைத் தவிர்ப்பதும் அந்த நோயின் முதல் அறிகுறிகள்.

இதைச் சோம்பல் என்று சொல்லும் பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். ஆஸ்திரியா நாட்டில், வியன்னா நகருக்கு அருகே மரியன்தால் என்றொரு சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் அந்த ஆலை மூடப்பட்டது. மேரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசெல் என்னும் மூன்று இளம் அறிஞர்கள் அவ்வூரை ஆராய்ந்து 1933ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்கள். வேலை இல்லாதவனுக்குப் பொழுது மிகுதி, ஆகவே அவன் மிகுதியாகப் படிப்பான் என்றுதானே நாம் நினைப்போம்? அவ்வூர் நூலகத்தில் நூல் எடுத்துச் செல்வது இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. தெருவில் ஆடவர் நடக்கும் வேகத்தைக்கூட அவர்கள் அளந்து பார்த்தார்கள். நடை தளர்ந்திருந்தது; வழியில் நின்று நின்று சென்றார்கள். ஆலையில் கடுமையாக உழைத்த அதே மனிதர்கள்! ஆகவே தளர்ச்சி வேலையின்மையின் காரணமன்று, அதன் விளைவு.

மரியன்தால் மக்களுக்கு இல்லாத ஒரு சுமை நமக்கு உண்டு. 2000க்குப் பின், உத்தரப் பிரதேசத்தின் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். உயர்சாதியினர் எனப்படுவோரின் பிள்ளைகளையும் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்தி, தாளில் வரைந்த சிக்கலான பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யார் எந்தச் சாதி என்பதைச் சொல்லாமல் நடத்தியபோது இரு சாராரும் ஏறக்குறையச் சமமாகவே செய்தார்கள். ஒவ்வொரு சிறுவனின் பெயரையும் சாதியையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்துவிட்டு நடத்தியபோது, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தது. அதே போன்ற பிள்ளைகள், அதே புதிர்கள். மாறியது அவையின் பார்வை ஒன்றே. நேர்முக அறையில் "உன் ஊர் எது? எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்கப்படும்போது நம் பிள்ளையின் நா ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பது இப்போது விளங்கும்.

அந்தக் கேள்விகள் தற்செயலாக வருவனவல்ல. சுக்தேவ் தோரட், பால் அட்டிவெல் ஆகியோரின் ஆய்வு 2007இல் வெளியாயிற்று. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதிப் பெயர்களோடு தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தலித் பெயருக்கு இருந்தது. நம் மாநிலத்தில் பெயரோடு சாதியை ஒட்டும் வழக்கம் பெரிதும் ஒழிந்துவிட்டது என்று நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேதரின் நியூமனும் தில்லி வட்டாரத்தில் ஆளெடுக்கும் அதிகாரிகளிடம் பேசியபோது, 'குடும்பப் பின்னணி' பற்றி விசாரிப்பது இன்றியமையாதது என்று அவர்கள் கூசாமல் சொன்னார்கள். பெயரில் இல்லாததைப் பின்னணியில் தேடிக்கொள்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கரை எண்ணிப் பாருங்கள். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று 1917இல் பரோடா அரசுப் பணிக்கு வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பெயரை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். அங்கிருந்தும் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டில்தான் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். இடைப்பட்ட மாதங்களில் அந்த மேதையும் வேலை தேடியவர்தாம். திறமை அவரிடம் குறைந்திருந்தது என்று சொல்லத் துணிவார் உண்டோ?

இனி, என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். நம் இளைஞர்களை மண்டபத்தில் கூட்டி, புகழ்பெற்ற பேச்சாளர் ஒருவரை அழைத்து, "உன்னால் முடியும்" என்று முழங்கச் செய்வது இன்று பெருவழக்காகிவிட்டது. எல்லாரையும் எழுந்து நின்று கைதட்டச் சொல்வார். வீடு திரும்பும்போது மிஞ்சுவது கைவலி மட்டுமே. "உன்னால் முடியும்" என்பதை நம்ப மறுப்பவனிடம் அதையே உரத்துச் சொல்வதால் பயனில்லை. "உன்னால் முடிந்தது இது" என்று அவன் வாழ்க்கையிலிருந்தே சான்று காட்ட வேண்டும். அச்சான்றைத் தேடும் இடமே குழுப் பயிற்சி.

இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள், போர் தவிர வேறு தொழில் அறியாதவராய் வேலை தேடினார்கள். அவர்களுக்கு உதவிய பெர்னார்டு ஹால்டேன் என்பவர், "உமக்கு என்ன தகுதி?" என்று கேட்பதை விடுத்து, "நீர் நன்றாகச் செய்தது, செய்தபோது மனம் மகிழ்ந்தது, இன்றும் பெருமை தருவது எது?" என்று கேட்டார். பதவியையும் பரிசையும் அவர் கேட்கவில்லை. சிறு செயலானாலும் போதும். அதைக் குழுவில் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் அதில் தாம் கண்ட திறமைகளை எழுதிக் கொடுக்க வேண்டும்.

சென்ற சில ஆண்டுகளாக நம் வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களோடு இம்முறையை நான் நடத்திப் பார்த்திருக்கிறேன். வட்டமாக அமர வேண்டும்; மேடையும் ஒலிபெருக்கியும் கூடா. முதல் ஒரு மணி நேரம் வறட்சியாகவே இருக்கும். "சொல்ல ஒன்றுமில்லை ஐயா" என்பதே எல்லார் வாயிலும் வரும். ஒரு குழுவில் பட்டப்படிப்பு முடித்த தங்கை ஒருவர் அப்படித்தான் சொன்னார். மெல்ல விசாரித்ததில், ஊராட்சி வேலைத் திட்டத்தில் மூன்றாண்டுகள் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர் என்று தெரிந்தது. காலையில் வருகை எடுத்து, வெட்டிய குழியை அளந்து, பேரேடு எழுதி, இரு தெருக்காரர்களுக்கிடையே வேலைப் பங்கீட்டில் மூண்ட சண்டையை மூன்றே நாளில் தீர்த்தவர். முதியவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் ஒதுக்கியவர். கூலி தாமதமானபோது ஒன்றிய அலுவலகம் வரை சென்று கேட்டவர். இவ்வளவும் அவர் கணக்கில் "ஒன்றுமில்லை"!

கேட்டிருந்த பதினொரு பேரும் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கணக்கில் தவறாதவர், சினம் கொள்ளாமல் பேசுபவர், அதிகாரியிடம் அஞ்சாதவர் என்றெல்லாம் எழுதியிருந்தது. மறுத்துப் பேசக்கூடாது என்பது அங்கே விதி. அவர் தாள்களை இருமுறை வாசித்துவிட்டு, "இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதலாமா ஐயா?" என்று கேட்டார். எழுதினோம். ஒவ்வொரு திறமைக்கும் எதிரே அதற்கான நிகழ்ச்சியையும் எழுத வைத்தோம். நிகழ்ச்சி இல்லாத திறமையை நேர்முகத்தில் யாரும் நம்பமாட்டார்கள். சொல்பவருக்கே நம்பிக்கை வராது.

வேறொரு தம்பியின் தந்தை பறையிசைக் கலைஞர். குழுவில் அவர் அதைச் சொல்லவே இல்லை. கல்லூரி நாட்களில் அந்தக் குழுவின் நிகழ்ச்சிகளுக்கு முன்பணம் வாங்கியது, பத்துப் பேரை வெளியூருக்கு அழைத்துச் சென்று திரும்பியது, பேசிய தொகையைத் தர மறுத்தவரிடம் வாதாடிப் பெற்றது எல்லாம் அவர்தாம் என்பதை அவ்வூர் நண்பரே சொல்ல வேண்டியதாயிற்று. அந்தத் தம்பி முகம் சிவந்து எழுந்து போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

இந்த இடத்தில் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். சாவுக்குப் பறையடிக்கமாட்டோம் என்று மறுத்து அடிபட்ட ஊர்கள் நம் வரலாற்றில் உண்டு. கட்டாயமாக நம் மீது சுமத்தப்பட்ட தொழில்களை உதறியது நம் முன்னோரின் வீரம். மறுபுறம், பறையை விடுதலையின் முழக்கமாக மேடையேற்றியவர்களும் நம்மவர்களே. எதைத் தேர்வது என்பது அந்தத் தம்பியின் உரிமை. பயிற்சி நடத்துபவர் அதில் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் தொழில் வேறு, அதைச் செய்தபோது வளர்ந்த திறம் வேறு. தொழிலை விட்டுவிட்டு வரலாம். பத்துப் பேரை வழிநடத்திய திறத்தை ஏன் அங்கே விட்டுவர வேண்டும்? நம் உழைப்பை இழிவென்று பெயரிட்டவர்கள் அதனுள் இருந்த அறிவையும் சேர்த்து மறைத்துவிட்டார்கள். தனியே அமர்ந்து யோசிப்பவனுக்கு அது புலப்படுவதில்லை. தன்னைப் போன்ற இன்னொருவரின் வாயிலிருந்து கேட்கும்போதுதான் புலப்படுகிறது. குழு எதற்கு என்று கேட்போருக்கு என் விடை இதுவே.

அடுத்த நாள் ஒத்திகை. ஒருவர் அதிகாரியாக அமர, மற்றவர் விடை சொல்ல வேண்டும். தூய்மைப் பணியாளரின் மகள் ஒருவர், "அப்பா மாநகராட்சியில் தூய்மைப் பணியாளர்" என்று ஏழு முறை சொல்லிப் பழகினார். முதல் மூன்று முறை குரல் உடைந்தது. ஏழாம் முறை, ஊர்ப் பெயரைச் சொல்வது போல் இயல்பாகச் சொல்லிவிட்டு, தம் படிப்பைப் பற்றிய பேச்சுக்கு அதிகாரியை இழுத்துச் சென்றார்.

தோல்வியையும் முன்கூட்டியே பழக வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்கள் 1980களில் வகுத்த பயிற்சியில் இதற்குத் தனியிடம் உண்டு. அப்பயிற்சியில், "இந்த வேலை கிடைக்காவிட்டால் மறுநாள் காலை என்ன செய்வாய்?" என்பதைக் குழுவே சேர்ந்து திட்டமிடும், அம்மை வருமுன் ஊசி போட்டுக்கொள்வது போல. 1989இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, பயிற்சி பெற்றோர் மற்றவர்களைவிட மிகுதியாகவும் நல்ல ஊதியத்திலும் வேலை பெற்றார்கள். வேலை கிடைக்காதவர்களும் தேடும் ஊக்கத்தை இழக்கவில்லை. பின்னர் பின்லாந்து நாடும் அதை மேற்கொண்டது. அதற்கும் முன்னரே, 1975இல், நேதன் அஸ்ரின் என்பவர் வேலை தேடுவோரைச் சங்கமாகச் சேர்த்து நாள்தோறும் கூடி ஒருவருக்கொருவர் வேலைச் செய்தி சொல்ல வைத்தார். இரண்டு மாதங்களில் அவர்களில் 100க்கு 90 பேர் வேலை பெற்றனர். தனியே தேடியவர்களில் 55 பேரே பெற்றனர். அந்நாட்டின் நிலை வேறு, நம் நிலை வேறு. அந்த எண்ணிக்கையை நான் உங்களுக்கு வாக்களிக்கவில்லை. ஆனால் வேலைச் செய்தி நம் தெருவுக்குக் கடைசியாகத்தான் வருகிறது என்பதை நாம் அறிவோம். உறவினர் அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு அது உணவு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. நமக்கு அந்த மேசையை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்பயிற்சியைக் காட்டி, "குறை உங்கள் தன்னம்பிக்கையில்தான்" என்று யாரேனும் நம்மிடம் சொல்ல வந்தால் ஏற்கலாகாது. ஆதிதிராவிடருக்குரிய 18 விழுக்காட்டில் நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களைக் கேட்பதும், தனியார் துறையில் இடஒதுக்கீடு கோருவதும் நம் உரிமைப் போராட்டம், அது தொடரும். அந்தப் போராட்டத்திற்கே தலைநிமிர்ந்த இளைஞர்கள் வேண்டும். சோர்ந்து வீட்டுக்குள் முடங்கியவர் விண்ணப்பமும் எழுதமாட்டார், கோரிக்கை மனுவும் எழுதமாட்டார்.

சங்கப் பொறுப்பாளர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. பொங்கலுக்குப் பின்வரும் முதல் ஞாயிறு தொடங்கி ஐந்து ஞாயிறுகள் நூலகக் கூடத்தை ஒதுக்கித் தாருங்கள். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். இருட்டுமுன் அவர்கள் வீடு சேரும்படி மூன்று மணிக்கு முடித்துவிடலாம். வேலையில் இருக்கும் நம் பட்டதாரிகள் இருவர் இருவராக வந்து அதிகாரியாக அமர்ந்து ஒத்திகைக்கு உதவ வேண்டும். அழைப்பிதழ் அச்சிட வேண்டியதில்லை. யார் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பது உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர்கள் வீட்டுக்கு நேரில் சென்று கூப்பிடுங்கள். பெயர்ப் பதிவேடு வாசலருகே நூலகர் மேசையில் இருக்கிறது. முதல் ஞாயிறு நாற்காலிகளை வட்டமாகப் போட இருவர் ஒன்பதரை மணிக்கே வர வேண்டும்.