குரலுக்கும் கூலி உண்டு

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டத்திலே ஓர் இளைஞர் பேச எழுந்தால் ஒழுக்கம், ஒற்றுமை, கல்வி என்னும் மூன்றில் ஒன்றைப் பற்றியே பேசுவார் என்று பெரியோர்கள் எதிர்பார்ப்பது வழக்கம். நான் இன்று கூலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கூலிப் பேச்சு மேடைக்கு ஒவ்வாது என்று எண்ணிவிடாதீர்கள். கூலி ஒழுங்காக அமையாத இடத்தில் ஒழுக்கமும் ஒற்றுமையும் நெடுநாள் நிலைப்பதில்லை.

நமது உடப்பிலும், அயலிலுள்ள முந்தல், சிலாபம், கற்பிட்டிப் பகுதிகளிலும், பாடசாலையை விட்டு வெளிவந்த இளைஞர் சிலர் இன்று குரலால் பிழைக்க முயல்கின்றனர். புடைவைக் கடையின் பண்டிகைக் கால விளம்பரம், முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஊரூராகப் போடும் அறிவித்தல், மாணவருக்கான பாடப் பதிவு, யூடியூப் காணொளிக்குரிய வர்ணனை, கடல் கடந்த நாடுகளிலிருந்து கேட்டனுப்பும் ஒலிநூல் எனப் பலவகை வேலைகள் வருகின்றன. கடலிரைச்சலும் காற்றும் ஒலிவாங்கியிற் புகாதவாறு யன்னலுக்குப் போர்வை கட்டி, ஊர் உறங்கிய பின் நள்ளிரவில் இவர்கள் பதிவு செய்கின்றனர். இவர்கள் எவருடைய நிரந்தர ஊழியரும் அல்லர். வந்த வேலையைச் செய்து, தந்த காசை வாங்குகின்றனர்.

“தம்பி, எவ்வளவு?” என்று கேட்டால் இவர்களிற் பலர் கூறும் விடை ஒன்றுதான்: “பார்த்துத் தாருங்கள்.”

இந்த இரண்டு சொற்களைப் பற்றியே எனது பேச்சு முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கற்ற மிஷன் பாடசாலையில் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமையைப் படிப்பிப்பார்கள். காலையில் வந்தவர்களோடு தோட்டக்காரர் கூலியைத் தொகையாகவே பேசிக்கொண்டார்; பின்னர் வந்தவர்களுக்கு நியாயமானதைத் தருவதாக மட்டுமே வாக்களித்தார். அவர் தயாள குணமுடையவர். ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுநாட் கூலியைக் கொடுத்தார். அந்த உவமையின் சமயப் பொருள் வேறு. ஆனால் விளம்பரம் கேட்டு வருபவர்கள் எல்லாரும் அத்தகைய தோட்டக்காரர் அல்லர் என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும்.

குரல் வேலைக்கு ஒழுங்கான ஊதிய முறை என்றுமே இருந்ததில்லை என்று எண்ணுவது தவறு. கொழும்பில் 1925 ஆம் ஆண்டிலேயே வானொலி ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. 1950 இல் வர்த்தக சேவை ஆரம்பமானது. எஸ். பி. மயில்வாகனன், பி. எச். அப்துல் ஹமீட் முதலியோரின் குரல்கள் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒலித்தன. 1967 இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. அயல் நாட்டிலே அகில இந்திய வானொலி கலைஞர்களைக் குரற் தேர்வு செய்து, ‘பி’, ‘பி உயர்வு’, ‘ஏ’, ‘டொப்’ எனத் தரம் பிரித்தது. தரத்துக்கேற்ற சன்மானம் என்பது அங்கே முறை. அத்தகைய முறைகளில் குறைகள் இருந்திருக்கலாம். ஆயினும் மேசையிலே ஓர் அட்டவணை இருந்தது. இன்று வீட்டு அறையிலிருந்து வேலை செய்யும் இளைஞனுக்கு அந்த அட்டவணையும் இல்லை, அதைக் கேட்டுப் பெறுதற்கு ஓர் அலுவலகமும் இல்லை.

சட்டமும் இவ்விடத்தில் அவனுக்குத் துணை வருவதில்லை. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் வந்தது. 2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2025 இல் திருத்தப்பட்டு, 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா, நாளொன்றுக்கு 1,200 ரூபா என்னும் அடிமட்டத்தை விதித்திருக்கிறது. ஆனால் அது தொழில் கொள்வோரின் கீழ் வேலை செய்பவர்களுக்கே. தன் வேலையைத் தானே விற்பவன் தன் அடிமட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதை எப்படி வகுப்பது? முதலில் உழைப்பை அளப்போம். முப்பது வினாடி விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் காதில் அது அரை நிமிடம். செய்பவருக்கோ, கடைக்காரரோடு பேசி வாசகத்தைத் திருத்த அரை மணி, பழகிப் பதிவு செய்ய ஒரு மணி, இரைச்சல் நீக்கி வெட்டி ஒட்டி இசை சேர்க்க ஒன்றரை மணி, அனுப்பிய பின் கேட்கும் மாற்றங்களைச் செய்ய ஒரு மணி. ஆக நான்கு மணி நேரம். இதற்கு ஐந்நூறு ரூபா கிடைத்தால் மணிக்கு 125 ரூபா. சட்டம் கூறும் 1,200 ரூபாவை எட்டு மணி நேரத்தாற் பிரித்தால் மணிக்கு 150 ரூபா வருகிறது. மின்சாரத்தையும் இணையக் கட்டணத்தையும் கழிக்குமுன்னரே நமது இளைஞன் நாட்டின் மிகக் குறைந்த கூலிக்கும் கீழே நிற்கிறான்!

இனிச் சரியான கணக்கைப் பார்ப்போம். அதே 30,000 ரூபாவையே ஒருவன் மாத வருமானமாக விரும்புகிறான் என்போம். மின்சாரம், இணையம், போக்குவரத்து 6,000 ரூபா. கணினி, ஒலிவாங்கி முதலியவற்றின் விலை 120,000 ரூபா. நான்கு வருடத்தில் அவை தேய்ந்துபோகும் என்றால் மாதத்துக்கு 2,500 ரூபா. மொத்தம் 38,500 ரூபா. அவனுக்குக் காசு தரும் மணிகளோ, வேலை தேடும் நேரமும் பயிலும் நேரமும் போக, மாதத்தில் எண்பதுக்கு மேல் இல்லை என்று கொள்வோம். பிரித்துப் பாருங்கள்: மணிக்கு ஏறக்குறைய 481 ரூபா, நான்கு மணி வேலைக்கு 1,925 ரூபா. இத்தொகையில் இலாபமும் இல்லை, திறமைக்குரிய மதிப்பும் இல்லை. இது வெறும் அடிமட்டம். ஒவ்வொருவரும் தத்தம் எண்களை இட்டுக் கணக்குப் பார்க்கலாம், முறை ஒன்றே.

ஒலிநூலுக்கும் இவ்வாறே. கேட்கத் தகுந்ததாக முடிந்த ஒரு மணி ஒலிக்கு, வாசிப்பும் திருத்தமும் மறுகேள்வியுமாக ஆறு மணி உழைப்புச் செல்வது சாதாரணம். ஆங்கில ஒலிநூல் தொழிலில் ‘முடிந்த மணி’க்கு இவ்வளவு என்று விலை பேசுவது இதனாலேதான்.

உழைப்பை அளந்ததோடு காரியம் முடியவில்லை. இரண்டாவதாக அளக்கவேண்டியது பயன்பாடு. இதை நம் கரையோர மக்களுக்கு விளக்க நூலறிவு வேண்டியதில்லை. கரைவலையைப் பார்த்தாற் போதும். மீன் கரைக்கு வந்த பின்னர் நாம் பங்கு பேசுவதில்லை. வலைக்கு என்ன, தோணிக்கு என்ன, அம்பா பாடி இழுத்த கைகளுக்கு என்ன என்பது வலை கடலில் இறங்குமுன்னரே எல்லாரும் அறிந்த முறை. மீன் கூடினால் இழுத்தவன் பங்கும் கூடும். குரலும் அப்படியே. முந்தலில் ஒரு வாரம் முச்சக்கர வண்டியில் ஒலிக்கும் அறிவித்தலும், நாடு முழுவதும் ஒரு வருடம் வானொலியில் ஒலிக்கும் விளம்பரமும் ஒரே முப்பது வினாடிதான். ஆனால் இரண்டும் பிடிக்கும் மீன் ஒன்றல்ல. ஆகவே எந்தச் சாதனத்தில், எந்தப் பிரதேசத்தில், எவ்வளவு காலம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கேளாமல் விலை கூறலாகாது.

என் சக மாணவி ஒருத்தி ஒரு கடையின் ஒலிபெருக்கிக்கென்று வாசித்துக் கொடுத்தாள். சில மாதங்களின் பின் அதே குரல் வேறொரு மாவட்டத்தில் இன்னொரு கிளையின் விளம்பரமாக ஒலிப்பதை உறவினர் கேட்டுச் சொன்னார்கள். விசாரித்தபோது, “அப்போதே காசு தந்தோமே, பிள்ளை” என்பதே மறுமொழி.

இது சிற்றூரில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவைச் சேர்ந்த சூசன் பெனற் என்னும் குரற் கலைஞர் 2005 ஜூலையில், நாளுக்கு நான்கு மணி நேரமாக, ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குப் பற்பல சொற்றொடர்களைப் பதிவு செய்தார். 2011 இல் அப்பிள் தொலைபேசியில் ‘சிரி’ பேசத் தொடங்கியபோது, அது தமது குரலே என்பதை நண்பர் ஒருவர் மூலமே அறிந்ததாக அவர் 2013 இல் உலகுக்குச் சொன்னார். பதிவு செய்த மணிகளுக்குரிய ஊதியத்தைத் தவிர வேறொன்றும் தமக்குக் கிடைக்கவில்லை என்றார். கனடாவின் பெவ் ஸ்ராண்டிங், மொழிபெயர்ப்புக்கென்று தாம் கொடுத்த குரலை ரிக்ரொக் பயன்படுத்தியதாக 2021 இல் வழக்கிட்டார். அவ்வருடமே அது சமரசமாக முடிந்தது.

இதனால்தான் யந்திரக் குரலைப் பற்றியும் நாம் விழிப்பாயிருக்க வேண்டியிருக்கிறது. ஒருவருடைய சிறு பதிவைக் கொண்டே அவர் சொல்லாததையெல்லாம் அவர் குரலிற் சொல்லவைக்கும் காலம் இது. அமெரிக்க நடிகர் சங்கத்தினர், காணொளி விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்போரின் சம்மதமும் ஊதியமும் இல்லாமல் அவர்கள் குரலைப் பிரதி செய்யலாகாது என்று 2024 ஜூலை 26 இல் வேலைநிறுத்தம் தொடங்கினர். 2025 ஜூலையிலே புதிய ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டனர். நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநரின் உரிமை என ஒன்றை ஒப்புக்கொள்கிறது. எந்தப் பதிவு அதனுள் அடங்கும் என்பது வழக்கறிஞர்கள் பேசவேண்டிய விடயம். வழக்குக்குப் போக வசதியற்ற நமக்கு, முன்கூட்டியே எழுதி வாங்கும் நாலு வரியே பெரிய காவல்.

இங்கே பெரியோர்களின் மனத்திலெழும் ஆட்சேபனைகளை நான் அறிவேன். குரல் இறைவன் தந்தது, அதை விற்கலாமா என்பது ஒன்று. நமது திரௌபதையம்மன் ஆலயத்தின் ஆடி உற்சவத்துக்கு அறிவித்தல் செய்பவர் காசு கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது. அது தொண்டு. ஆனால் தொண்டுக்கு வழங்கும் குரலை வியாபாரி தன் சரக்கை விற்கக் கேட்கும்போது அது தொழில். தொழிலில் நியாயமான கூலி பெறுபவனுக்கே தொண்டு செய்ய ஓய்வும் மனமும் மிஞ்சும்.

சின்னக் கடைக்காரர் இவ்வளவு கொடுப்பாரா என்பது மற்றொன்று. நியாய விலை என்பது விற்பவனுக்கு மட்டும் நியாயமாயிருத்தல் போதாது. வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தை வணிகரைப் பற்றிய குறளோடு முடித்திருப்பது சிந்திக்கத்தக்கது. சிறு கடைக்கு ஒரு வாரம், ஓர் ஊர் என்று பயன்பாட்டைச் சுருக்கி விலையையும் சுருக்கலாம். கழிவு கொடுப்பதாயின் முழு விலையை எழுதி, அதன் கீழ்க் கழிவை எழுதிக் கொடுக்கவேண்டும். அப்போது அது சலுகை என்பது தெரியும். அடுத்த முறை அதுவே விலையாகிவிடாது.

நாம் விலையைக் கூட்டினால் வேறொருவன் குறைத்துச் செய்வானே என்பது மூன்றாவது. உண்மைதான். அந்த வேறொருவன் பெரும்பாலும் நம் சங்கத்திலேயே, அடுத்த வரிசையிலே இருக்கிறான்! ஒருவன் ஐந்நூறுக்கு இறங்கினால் மற்றவன் முந்நூறுக்கு இறங்குவான். முடிவில் இருவரும் ஒலிவாங்கியை விற்றுவிட்டு வேறு வேலை தேடுவர். சென்னையிலே பின்னணிக் குரல் கொடுப்போர் தமக்கெனச் சங்கம் வைத்திருக்கின்றனர். நாம் சிலபேரே ஆயினும் கூடிப் பேசுவதற்குத் தடையில்லை.

ஆகவே ஐந்து காரியங்களைச் சபையின் முன் வைக்கிறேன். முதலாவது, பயன்பாட்டை அறியாமல் விலை சொல்லாதிருத்தல். இரண்டாவது, வாசகம், நீளம், பயன்படும் இடம், காலம், காசு தரும் நாள் ஆகியவற்றைக் கைத்தொலைபேசிச் செய்தியாகவேனும் எழுதிக்கொண்டு, பாதித் தொகையை முற்பணமாகப் பெறுதல். மூன்றாவது, நம் பிழையை இலவசமாகத் திருத்திக் கொடுத்தல். அவர்கள் வாசகத்தை மாற்றினால் மேலதிகக் கட்டணம் கேட்டல். நான்காவது, தனிச் சம்மதமும் தனி விலையும் இன்றி யந்திரக் குரலுக்கு நம் குரலைக் கொடாதிருத்தல். ஐந்தாவது, சங்கத்தில் கூடி வகுத்த அடிமட்டத்துக்குக் கீழே எவரும் இறங்காதிருத்தல்.

இவ்வடிமட்டத்தை வகுக்க இளைஞர் மட்டும் போதாது. கொடுப்பவர் நிலைமை அறிந்த வியாபாரிகளும், பங்கு முறை அறிந்த கரைவலைப் பெரியவர்களும் எம்மோடு ஒரு மாலை உட்காரவேண்டும். வருடந்தோறும் அதைத் திருத்தவும் வேண்டும். மண்டபத்தின் பின்னறையைச் சுவருக்குப் பஞ்சுப் போர்வை கட்டிப் பொதுப் பதிவறையாக்கினால், தனியே ஒலிவாங்கி வாங்க வகையில்லாத பிள்ளைகளும் தொழில் பழகலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களை வேண்டுகிறேன்.

அதுவரை, சகோதர சகோதரிகளே, நாளைக்கு ஒருவர் வந்து “எவ்வளவு?” என்று கேட்டால், இரண்டு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தாளும் பேனாவும் எடுங்கள். கணக்குப் பார்த்து ஒரு தொகையைச் சொல்லுங்கள்.