துறவோர் குகையில் துறக்கக் கூடாதவை

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகைத்தளத்தில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் கொடையாளராக நிற்போர் மன்னர்கள் அல்லர். உப்பு வணிகர் ஒருவர், கொழு வணிகர் ஒருவர், பொற்கொல்லர் ஒருவர் எனத் தொழில் செய்து வாழ்ந்த மக்களே அங்குப் பெயர் பொறித்துள்ளனர். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரும், ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரும், புகழூரில் சேர அரசர் பெயர்களும் காணப்படுகின்றன. அரசரும் வணிகரும் ஒரே நோக்கில் அளித்த கொடை அது. தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாத அறவோர்க்கு மழை நனைக்காத ஓர் இடம். உடல் சாய்க்க வழவழப்பாகச் செதுக்கிய ஒரு கல். அவ்வளவே. பாறையின் நெற்றியில் காடி வெட்டி, மழைநீர் உள்ளே வழியாதபடி திருப்பியும் வைத்தனர். அந்தக் காடிகள் பல இடங்களில் இன்றும் நீரை வடித்துக்கொண்டிருக்கின்றன.

மழையைத் தடுத்த காடியால் குப்பையைத் தடுக்க இயலவில்லை. குன்றுகள் பலவற்றில் அறவோர் படுத்த கற்களின் மேல் இன்று தண்ணீர்ப் புட்டிகளும், நொறுக்குத்தீனி உறைகளும், உண்டு எறிந்த தட்டுகளும், உடைந்த மதுப்புட்டிச் சில்லுகளும் கிடக்கின்றன. உடைமையின்மையை நோன்பாகக் கொண்டோர் வாழ்ந்த இடத்தில் பிறர் வேண்டாம் என்று விட்ட உடைமைகள் குவிகின்றன.

இக்குற்றம் அயலாருடையது மட்டும் என்று சொல்லிவிட இயலாது. வழிபட வருவோர் விட்டுச் செல்பவையும் அங்கு உண்டு. எண்ணெய் உறை, கற்பூரப் பெட்டி, ஊதுவத்தி அட்டை, பிளாஸ்டிக் நாரில் கட்டிய மாலை, உடைந்த அகல் ஆகியவை பக்தியுடன் கொண்டுவரப்பட்டு, மறதியுடன் விடப்பட்டவை. பாறைக்கு இரண்டும் ஒன்றே.

குகைகளை நேசித்தோரே குகைகளை மாசுபடுத்திய வரலாறு பிற நாடுகளிலும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிலத்தடிக் குகைகளை ஆராய்ந்தோர் ஒரு காலத்தில் கார்பைடு விளக்குகளை ஏந்திச் சென்றனர். எரிந்து தீர்ந்த சுண்ணாம்புக் கழிவை ஆங்காங்கே கொட்டியும் புதைத்தும் வந்தனர். அதன் தீங்கை உணர்ந்தபின், கொண்டு செல்வது அனைத்தையும் திரும்பக் கொண்டுவருவது என்பதை அவர்கள் தம் ஒழுக்கமாக ஆக்கிக்கொண்டனர். முன்னவர் விட்ட கழிவையும் பின்வந்தோர் சுமந்து வெளியேற்றினர். தாம் போடாத குப்பையைத் தாம் எடுப்பது இழிவு என்று அவர்கள் எண்ணவில்லை.

சமணர்க்கு இவ்வொழுக்கம் புதிதன்று. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளில் ஒன்று உத்சர்க்க சமிதி. உடலின் கழிவையும் உயிர்கள் இல்லாத இடம் பார்த்து, எவ்வுயிர்க்கும் இடையூறின்றி விலக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. அமருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்ல ஒதுக்கிய அந்த அறவோர், எறும்பு ஒன்றின் உயிரையும் எண்ணிப் பார்த்தவர்கள். இன்று அதே இடத்தில் எறியப்படும் இனிப்புப் பானப் புட்டிக்குள் எறும்பும் வண்டும் பல்லியும் நுழைந்து, ஏற வழியின்றி மடிகின்றன. சிந்திய உணவை நாடி எலியும் குரங்கும் வருகின்றன. ஆகவே குகையில் விடும் குப்பை அழகைக் கெடுப்பது மட்டுமன்று. அஃது ஓர் இம்சையும் ஆகும்.

குப்பையை அகற்றும் பணியிலும் அதே கருணை வேண்டும். ஆர்வத்தால் விளையும் கேடு அலட்சியத்தால் விளைவதைவிடக் குறைந்ததன்று. முதலாவதாக, எடுக்கும் குப்பையை அங்கேயே கொளுத்துதல் ஆகாது; புகை பாறையில் கரியாகப் படியும், வௌவால்களை வதைக்கும். இரண்டாவதாக, துடைப்பத்தால் தரையைச் சுரண்டிப் பெருக்குதல் ஆகாது; மண்ணில் கிடக்கும் பானை ஓடும் வரலாற்றுச் சான்றே. கையுறை அணிந்து, அண்மைக்காலப் பொருள்களை மட்டும் பொறுக்கினால் போதும். கண்ணாடிச் சில்லுகளைத் தடித்த சாக்கில் தனியே இடுதல் வேண்டும். வௌவால் எச்சம் குப்பை அன்று. அதை நம்பியும் உயிர்கள் உண்டு.

மூன்றாவது, மிக இன்றியமையாதது: பாறையில் சாயத்தால் எழுதிய பெயர்களை அமிலம் ஊற்றியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ அழிக்க முயலலாகாது. சாயத்தோடு ஈராயிரம் ஆண்டு எழுத்தும் போய்விடும். சித்தன்னவாசலின் 9ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் மெல்லிய சுதைப்பூச்சின் மேல் நிற்பவை. விரல் படுவதையும் அவை தாங்கா. படம் எடுப்பதற்காகக் கல்வெட்டெழுத்தின் மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் தவறே. இத்தகைய சேதங்களைத் தொல்லியல் துறையினர்க்குத் தெரிவித்தல் ஒன்றே செய்யத்தக்கது. மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்துவோர்க்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது.

குன்றுகளுக்கு யாத்திரை செல்லும் ஒவ்வொரு குழுவும் ஒரு சாக்குப்பையை உடன் கொண்டு செல்லட்டும். சிற்றுண்டியைக் குகைக்குள் அன்றி அடிவாரத்தில் உண்ணட்டும். கொண்டு சென்றவை அனைத்தும் திரும்பி வரட்டும். அவற்றோடு பிறர் விட்டவற்றில் இயன்ற அளவும் இறங்கி வரட்டும். அந்தப் பையை அடிவாரப் புதரில் வைத்துவிடாமல், ஊராட்சியின் தூய்மைப் பணியாளர் எடுக்கும் இடம்வரை சேர்ப்பதே பணியின் நிறைவு. குழந்தைகளும் உடன் வரட்டும். படுக்கையைக் காட்டிக் கதை சொல்வதைவிட, அதன்மேல் கிடக்கும் ஓர் உறையை அவர்கள் கையால் எடுக்கச் செய்வது நெஞ்சில் நிற்கும்.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததை அங்குள்ள பழங்கல்வெட்டு கூறுகிறது. அவர் விட்டுச் சென்ற உடைமை எதையும் அது கூறவில்லை. ஒரு பெயரும் ஒரு நோன்பும் மட்டுமே பாறையில் எஞ்சின. அத்தகைய பாறையை வணங்கச் செல்வோர், வணங்கியபின் அங்கு எதையும் விடாது இறங்குவதே அந்த நோன்புக்குச் செய்யும் மரியாதை. உப்பு வணிகர் தம் பொருளால் கல்லைச் செதுக்கிக் கொடுத்தார். அவர் வழிவந்தோர் ஒரு சாக்குப்பையைச் சுமந்து அந்தக் கொடையைத் தொடரலாம்.

அறம் வளர்க! கொல்லாமை ஓங்குக! ஜெய் ஜினேந்திரா!