மருந்துக்கு யார் விலை கொடுப்பது?

(ஏர்பேட்டில் நடந்த உறுப்பினர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நேற்று திருமலையில் பெருமாள் தரிசனம், நாளைக் காலை காளஹஸ்தி. நடுவில் இந்த ஒரு சாயங்காலம் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் வித்வானும் இல்லை, டாக்டரும் இல்லை. சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் 34 வருஷம் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். ஆகவே வைத்தியத்தைப் பற்றி அல்ல, அதன் பின்னால் இருக்கும் பணத்தைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும்.

இந்தப் பக்கம் வந்தால் எனக்கு ஒருவர் ஞாபகம் வரும். ஏர்பேடு அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அதே ஜில்லாவில் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் என்று ஓர் இடம். 1915 முதல் அங்கே காசநோய் சானடோரியம் இயங்கிவந்தது. என் பெரியப்பாவை 1943-ல் அங்கே சேர்த்தார்கள். நல்ல காற்று, பால், ஓய்வு, சிலருக்கு ஆபரேஷன் என்பதுதான் அன்றைய வைத்தியம். நோயைக் குணப்படுத்தும் மருந்து உலகில் எங்குமே கிடையாது. மறு வருஷம் அவர் காலமானார். வயது 26. ஸ்ட்ரெப்டோமைசினை அமெரிக்காவில் கண்டுபிடித்தது அதே 1943-ல்தான். பெரியப்பாவுக்கு அது எட்டவில்லை. கல்யாணத்துக்குப் பெண்கள் இருந்த வீடு என்பதால் அவர் பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள்.

பிறகு 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. மூன்று கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதன் பலனைக் கண்டன. ஆனால் அந்த ரசாயனத்தை 1912-லேயே பிராக் நகரில் தயாரித்துவிட்டிருந்தார்கள். அதனால் யாரும் அதற்குக் காப்புரிமை கோர முடியவில்லை. மருந்து மலிவாகக் கிடைத்தது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சென்னையில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கின. வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலே சானடோரியத்தில் கிடைக்கும் அளவுக்குக் குணம் கிடைக்கும் என்று 1959-ல் அந்த மையம் நிரூபித்தது. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் மாறியது. இதில் எந்தக் கம்பெனிக்கும் ராயல்டி கிடையாது.

அப்படியானால் மருந்து கண்டுபிடிக்கப் பண ஆசையே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்ல முடியாது. 1960-களில் ரிஃபாம்பிசின் வந்த பிறகு, புது வகைக் காசநோய் மருந்து ஒன்று அங்கீகாரம் பெற சுமார் 40 வருஷம் ஆயிற்று. காரணம் என் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. எந்தத் திட்டம் வந்தாலும் முதல் கேள்வி, "யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு?" சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆயுசு முழுக்க மாத்திரை, வாங்குபவரிடம் பணமும் உண்டு. காசநோயாளி சில மாதங்களில் குணமாகிவிடுவார், பெரும்பாலும் ஏழை. கம்பெனிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவற்றின் பங்குகளை வாங்கி லாபம் எதிர்பார்ப்பவர்களில் நாமும் உண்டு.

காப்புரிமை என்பதும் ஒரு பரிசுதான். கண்டுபிடித்தவருக்கு 20 வருஷம் ஏகபோகம். ஆனால் அந்தப் பரிசைத் தருவது அரசாங்கம் அல்ல, நோயாளி. நோயாளி ஏழையானால் பரிசும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை.

இதற்கு மாற்றாக 2007-ல் அமெரிக்கா ஒரு சலுகைச் சீட்டைக் கொண்டுவந்தது. ஏழைகளின் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தால் ஒரு சீட்டு கிடைக்கும். அதைக் காட்டினால் அந்தக் கம்பெனியின் வேறொரு மருந்து சீக்கிரம் பரிசீலிக்கப்படும். சீட்டை விற்கவும் செய்யலாம். இதே மாதிரிச் சீட்டு ஒன்று 2015-ல் 35 கோடி டாலருக்கு விலைபோனது. 2012 டிசம்பரில் அங்கீகாரம் பெற்ற பெடாகுயிலின் என்ற காசநோய் மருந்துக்காக ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனிக்கும் அப்படி ஒரு சீட்டு கிடைத்தது. அந்த மருந்தின் சோதனைகளில் பல நாடுகளின் பொதுப் பணமும் செலவாயிற்று. ஆனால் மருந்தை இன்ன விலைக்குத் தர வேண்டும் என்று சீட்டில் நிபந்தனை எதுவும் இல்லை.

மூல காப்புரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டியது. அதே மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு காப்புரிமை கேட்டு, 2027 வரை ஏகபோகத்தை நீட்டிக்கக் கம்பெனி இந்தியாவில் மனுச் செய்தது. 2019-ல் அதை எதிர்த்தவர்களில் இரண்டு பெண்கள், மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும். இருவரும் காசநோயிலிருந்து பிழைத்தவர்கள். நோய்க்காகப் போட்ட பழைய மருந்துகளின் விளைவாக இருவரும் காது கேட்கும் சக்தியை இழந்தவர்கள். 2023 மார்ச் 23-ல் நமது காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் மனுவை நிராகரித்தது. ஏழை நாடுகளுக்கு மருந்து வாங்கித் தரும் சர்வதேச அமைப்புக்கு 2020-ல் 340 டாலராக இருந்த ஆறு மாத மருந்தின் விலை, 2023 ஆகஸ்டில் 130 டாலராக இறங்கியது.

நான் கம்பெனிக்காரன். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே கூலி சீட்டாக ஒரு தடவை, பொதுப் பணமாக ஒரு தடவை, காப்புரிமையாக ஒரு தடவை கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்கள் நிபந்தனை போட மறந்தார்கள்.

நிபந்தனையோடு கொடுத்த உதாரணமும் உண்டு. நிமோனியாத் தடுப்பூசிக்காக 2009-ல் இத்தாலி, பிரிட்டன், கனடா, ரஷ்யா, நார்வே நாடுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து 150 கோடி டாலர் ஒதுக்கின. ஏழை நாடுகளுக்கு நீண்ட காலம் ஒரு டோஸ் 3.50 டாலருக்கு மேல் போகாமல் தர ஒப்புக்கொள்ளும் கம்பெனிக்கே அதில் பங்கு. இதிலும் குறை இல்லாமல் இல்லை. முதலில் பெரும் பங்கு போனது, ஏற்கெனவே தடுப்பூசி வைத்திருந்த இரண்டு பெரிய கம்பெனிகளுக்குத்தான். ஆனால் கதவு திறந்திருந்தது. 2020-ல் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் சுமார் 2 டாலருக்கே தர முன்வந்தது. 2021-ல் நம் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி இலவசமாகப் போடப்படலாயிற்று.

இந்த ஏர்பேட்டில் இப்போது ஐ.ஐ.டி.யும் ஐசரும் இருக்கின்றன. அங்கே படிக்கும் குழந்தைகள் சிலர் பெற்றோருடன் இங்கே வந்திருக்கிறார்கள். நாளைக்கு இவர்களில் ஒருவர் மருந்து கண்டுபிடிக்கலாம். உங்களில் பலர் கம்பெனியிலும் சர்க்காரிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். மருத்துவ ஆராய்ச்சிக்கு நன்கொடை தருபவர்களும் உண்டு. தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும்போதே, "மருந்து வந்தால் ஏழைக்கு என்ன விலைக்குக் கிடைக்கும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கேட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. உலகக் காசநோயாளிகளில் சுமார் நாலில் ஒருவர் இந்தியர். அது யார் வீட்டுக்கும் வரும். வந்தால் மறைக்காதீர்கள்; அரசாங்கத்தில் மருந்து இலவசம். காது கேளாத இரண்டு பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லி முன்னால் நின்றதால்தான் இத்தனையும் நடந்தது. என் பெரியப்பாவைப் பற்றி ஒரு சபையில் நான் வாய் திறப்பது இதுவே முதல் தடவை. எண்பது வருஷம் தாமதமானாலும் சொல்லிவிட்டேன் என்ற திருப்தியோடு விடைபெறுகிறேன்.